நூலக வரியும் வாசிக்கும் உரிமையும்

கோவளத்தில் ஊராட்சிக்கு வீட்டு வரி கட்டுகிறவர் அதோடு நூலக வரியும் கட்டுகிறார். வரி நூறு ரூபாய் என்றால் நூலகத்துக்குப் பத்து ரூபாய். குப்பத்தில் சிறு வீடு வைத்திருக்கும் மீனவருக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பங்களா கட்டியவருக்கும் இதே விகிதம்தான். வடக்கே தாம்பரம் மாநகராட்சியிலும் சொத்து வரியோடு இது சேர்ந்தே வசூலாகிறது. நூலகத்துக்கென்றே தனி வரி பெரும்பாலான இந்திய மாநிலங்களில் கிடையாது. தமிழ்நாட்டில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக உண்டு. அந்தப் பணத்தில் எந்த நூல் வாங்கப்படும், வாங்கிய நூல் அலமாரியில் நிலைக்குமா, யாராவது ஆட்சேபித்தால் அதன் பக்கம் நிற்பவர் யார் என்ற கேள்விகளுக்குத்தான் சட்டத்தில் விடை இல்லை.

சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறி 1950 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அதன் பின்னணியில் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்று, 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாகக் காரணமாக இருந்து, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டவர். அதே 1931இல்தான் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் சட்டத்தைக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் நூலக வரி ரூபாய்க்கு அரையணா. இப்போது பத்துக் காசு. வரியை வசூலிப்பது உள்ளாட்சி; நூலகத்தை நடத்துவது மாவட்ட நூலக ஆணைக்குழு. 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் மாநில மைய நூலகமாயிற்று. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டத்தின்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று.

இந்தச் சட்டம் வரியைப் பற்றிப் பேசுகிறது, குழுக்களைப் பற்றிப் பேசுகிறது, கணக்கைப் பற்றியும் பேசுகிறது. வாசகருக்கு என்ன உரிமை என்று அது பேசவில்லை. ரங்கநாதனின் விதிகளில் வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் என்ற இரண்டு உண்டு. இரண்டுமே நூலகர் கட்சி பார்க்கக் கூடாது, ஆள் பார்க்கக் கூடாது என்பதில்தான் போய் முடிகின்றன. ஆனால் அவை பாடநூலில் இருந்தன; சட்டத்துக்குள் வரவில்லை.

இந்த இடைவெளி அன்றே வெளிப்பட்டது. புலவர் குழந்தை எழுதி 1946இல் வெளிவந்த இராவண காவியத்துக்கு 1948இல் தடை விதிக்கப்பட்டது. ஊர்தோறும் நூலகம் வேண்டும் என்று சட்டம் இயற்றிய அதே மாகாண அரசு, அதே ஆண்டில், ஒரு தமிழ்க் காப்பியத்தை யாரும் வைத்திருக்கக் கூடாது என்றும் ஆணையிட்டது. தடை நீங்கியது 1971இல். தமிழ்நாட்டின் கிளை நூலகங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்ட அந்த இருபத்துமூன்று ஆண்டுகளில் எந்த நூலகத்தின் வரவுப் பதிவேட்டிலும் அந்த நூல் ஏற இடமில்லை. நூலகர்கள் சங்கமாகச் சேர்ந்து அதை எதிர்த்ததாகவும் வரலாற்றில் பதிவில்லை. வாதாடியவர்கள் அரசியல்வாதிகள், தடையை நீக்கியதும் அரசியல் மாற்றம்தான்.

தடையின் வரலாறு அதற்கும் முந்தியது. பாரதியின் ‘கனவு’, ‘ஆறிலொரு பங்கு’ இரண்டையும் ஆங்கில அரசு 1911இல் தடைசெய்தது. கவிஞர் மறைந்து ஏழாண்டு கழித்து, 1928இல், பர்மா அரசு அவர் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்ய ஆணையிட, சென்னை அரசும் அதைப் பின்பற்றியது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி போன்றோர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். அண்ணாவின் ‘ஆரிய மாயை’ விடுதலைக்குப் பிறகு அவரைச் சிறைக்கு அனுப்பியது. தடைசெய்யப்பட்ட பிரதிகளில் கணிசமானவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன என்றால் அதற்குக் காரணம் தடைசெய்த அரசேதான். பறிமுதல் செய்தவற்றை அது கோப்பில் கட்டி ஆவணக் காப்பகத்தில் வைத்தது. பொது நூலகம் வைத்திருக்க முடியாததைப் போலீசு வைத்திருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இன்றைய சட்ட நிலை என்ன? நூலைப் பறிமுதலுக்குரியதாக அறிவிக்கும் அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவிலும், இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவிலும் இருக்கிறது. அதை மாநில அரசு மட்டுமே செய்ய முடியும். அறிவிக்கை வெளியிட வேண்டும், காரணத்தை அதில் எழுத வேண்டும். எதிர்ப்பவர் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம்; மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு விசாரிக்கும். காரணம் சொல்ல வேண்டும் என்பது வெறும் சடங்கல்ல. பெரியாரின் இராமாயண விமரிசன நூலை லலாய் சிங் யாதவ் இந்தியில் வெளியிட்டபோது உத்தரப் பிரதேச அரசு 1969இல் பறிமுதலுக்கு ஆணையிட்டது. ஆணையில் காரணம் சொல்லப்படவில்லை என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது; 1976இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த அமர்வின் தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். வெளிநாட்டு நூல்களுக்கு வேறு வழி உண்டு: சுங்கச் சட்டம். சல்மான் ருஷ்டியின் ‘சாத்தானிக் வெர்சஸ்’ 1988 அக்டோபரில் அப்படித்தான் இறக்குமதித் தடைக்குள்ளானது. முப்பத்தாறு ஆண்டு கழித்து, 2024இல், டெல்லி உயர் நீதிமன்றத்தில் அந்த அறிவிக்கையை எந்த அலுவலகத்தாலும் எடுத்துக்காட்ட முடியவில்லை. இந்த அதிகாரம் தூசி படிந்து கிடக்கும் ஒன்றுமல்ல. ஜம்மு காஷ்மீர் அரசு நிர்வாகம் 2025 ஆகஸ்டில் ஒரே ஆணையில் 25 நூல்களைப் பறிமுதலுக்குரியவையாக அறிவித்தது.

இதிலிருந்து கிளை நூலகருக்குத் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. அரசு அறிவிக்கை இல்லாத வரையில் மாவட்ட ஆட்சியருக்கோ, மாவட்ட நூலக அலுவலருக்கோ, வார்டு உறுப்பினருக்கோ, கும்பலாக வந்து மேசையைத் தட்டுகிறவர்களுக்கோ ஒரு நூலைத் தடைசெய்யும் அதிகாரம் கிடையாது. ‘அந்தப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் உள்ளே வையுங்கள்’ என்று தொலைபேசியில் வரும் சொல்லுக்குச் சட்டத்தில் பெயரே இல்லை. எழுத்தில் தாருங்கள் என்று கேட்கும் துணிவு இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். அந்தத் துணிவு யாருக்கு வரும் என்பது வேறு கேள்வி.

பெருமாள்முருகன் வழக்கு இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. 2010இல் வெளிவந்த ‘மாதொருபாகன்’ நாவலுக்கு 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் மாவட்ட வருவாய் அலுவலர் நடத்திய சமாதானக் கூட்டத்தில் ஆசிரியர் மன்னிப்புக் கேட்கவும் விற்காத படிகளைத் திரும்பப் பெறவும் நிபந்தனையின்றி ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். தடை ஆணை எதுவும் இல்லை, அறிவிக்கை இல்லை, காரணமும் எழுதப்படவில்லை; ஆனாலும் நூல் மறைந்தது, எழுதுவதை நிறுத்துவதாக எழுத்தாளர் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு, அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காத நூலை மூடி வைக்கும் சுதந்திரம் வாசகருக்கு உண்டு. அடுத்தவர் படிப்பதைத் தடுக்கும் உரிமை இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். வழக்கை எடுத்துச் சென்றவர்களில் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வனும் ஒருவர். இங்கேயும் நூலகத் துறையின் குரல் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் கோழைத்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. அமைப்பைப் பார்த்தால் வேறு தெரிகிறது. பொது நூலக இயக்ககம் 1972இல் தனித் துறையானபோது அதன் முதல் இயக்குநராக வந்தவர் வே. தில்லைநாயகம். சின்னமனூர்க்காரர், கன்னிமாராவில் நூலகராக இருந்தவர், நூலகத் தொழிலையே படித்து அந்த நாற்காலிக்கு வந்தவர். 1982 வரை பத்தாண்டுகள் நீடித்தார், இந்திய நூலக இயக்கத்தின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். அவருக்குப் பிறகு அந்தப் பதவியில் பெரும்பாலும் பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளே அமர்த்தப்பட்டார்கள். சில ஆண்டு இருந்துவிட்டு இன்னொரு இயக்ககத்துக்கு மாறுகிறவரிடம், ஒரு நூலுக்காக அமைச்சரின் முகத்தைச் சுளிக்க வைக்கும் தைரியத்தை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. உள்ளூர்ப் பிரதிநிதிகள் இருக்க வேண்டிய மாவட்ட ஆணைக்குழுக்களும் நீண்ட காலம் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. அடுத்த படியில் மூன்றாம் நிலை நூலகர், அதற்கும் கீழே சொற்பத் தொகுப்பூதியத்தில் வேலை செய்யும் ஊர்ப்புற நூலகர். சாவி இருப்பது அவர் கையில்; அவருக்குப் பின்னால் ஆள் இல்லை.

ஊர்ப்புற நூலகங்களில் பொதுவாகக் காணும் காட்சி இது. வாசல் பக்கம் நீண்ட மேசை, அதில் பக்கம் பக்கமாகப் பிரிந்து கிடக்கும் தினத்தந்தி, போட்டித் தேர்வுக் குறிப்பெடுக்கும் நான்கைந்து இளைஞர்கள், வந்தவர் பெயர் எழுதிக் கையெழுத்திடும் பதிவேடு, அதன் மேல் கயிற்றில் கட்டிய பேனா. சுவரோரம் பூட்டிய கண்ணாடி அலமாரி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வாசகர் தாமே அடுக்கிலிருந்து நூலை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தவர் ரங்கநாதன். அவர் மாநிலத்தில் அலமாரி பூட்டியிருப்பதற்குக் காரணம் கொள்கை அல்ல, பயம்: நூல் தொலைந்தால் யார் கட்டுவது? மத்திய அரசின் பொது நிதி விதிகள் இதற்கு நியாயமான விடை சொல்கின்றன. ஓராண்டில் வழங்கிய, பார்வைக்குத் தந்த ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவது, அலட்சியமோ நேர்மைக்கேடோ இல்லாத நிலையில், இயல்பான இழப்பு என்று 2017ஆம் ஆண்டு விதிகள் ஏற்கின்றன. இந்தச் சின்ன விதி ஒவ்வொரு கிளை நூலகச் சுவரிலும் ஒட்டப்பட்டால் பல பூட்டுகள் தாமாகத் திறக்கும். வாசிக்கும் உரிமை பற்றிய பேச்சில் தடை ஆணைக்குக் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தப் பூட்டுக்குக் கிடைப்பதில்லை.

பூட்டுக்கும் முந்திய வாசல் கொள்முதல். தமிழ்நாட்டில் நாலாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருப்பதால், ‘லைப்ரரி ஆர்டர்’ கிடைப்பதும் கிடைக்காததும் ஒரு பதிப்பகத்தின் ஆண்டுக் கணக்கையே மாற்றிவிடும். சில நூறு படி மட்டுமே கடையில் விற்கும் கவிதைத் தொகுப்புக்கு நூலக ஆணைதான் உயிர். இதனால் தேர்வுக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பது இலக்கியச் சர்ச்சையாகவே நடந்துவந்திருக்கிறது. ஆட்சி மாறினால் பட்டியல் மாறுகிறது என்ற முணுமுணுப்பு எல்லா ஆட்சியிலும் உண்டு. தேர்வாகாத நூலுக்குக் காரணம் சொல்லும் வழக்கம் இருக்கவில்லை. தடைசெய்யப்பட்ட நூலுக்காவது அறிவிக்கை கிடைக்கிறது. வாங்கப்படாத நூலுக்கு ஒரு தாளும் கிடைப்பதில்லை. 2024இல் அரசு வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கையை அறிவித்து, பதிப்பாளர்கள் இணையவழியே விண்ணப்பிக்க வழி செய்தது. இது சரியான திசை. நிராகரிப்புக்குக் காரணமும் அதே இணையதளத்தில் எழுதப்பட்டால்தான் அது முழுமையாகும்.

ஒரு நூலுக்கு அல்லாமல் ஒரு நூலகத்துக்கே ஆபத்து வந்ததும் தென்சென்னையில் நடந்தது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை முதலமைச்சர் மு. கருணாநிதி 2010 செப்டம்பர் 15 அன்று திறந்துவைத்தார். தரைத் தளத்தில் பார்வையற்றோருக்கான பிரெய்ல் பிரிவு, அதற்கு மேல் குழந்தைகள் பிரிவு, மேலே துறைவாரியாகத் தளங்கள். பன்னிரண்டு லட்சம் நூல்களுக்கு இடம். ஆட்சி மாறி, 2011 நவம்பர் 2 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா அதைக் குழந்தைகள் உயர் சிறப்பு மருத்துவமனையாக்கி நூலகத்தை நுங்கம்பாக்கத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்தார். எழுத்தாளர்களும் மாணவர்களும் எதிர்த்தனர். மனோன்மணி என்பவர் தொடுத்த பொதுநல வழக்கில் நவம்பர் 4 அன்றே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இடம் மாறவில்லை. ஆனால் மாறாமல் இருப்பது வேறு, வாழ்வது வேறு. அரங்கம் திருமண நிகழ்ச்சிக்கு விடப்பட்டு அதற்கும் நீதிமன்றம் குறுக்கிட வேண்டியிருந்தது. பின்னர் வழக்கறிஞர் ஆணையர்கள் நேரில் பார்த்து அறிக்கை தந்தனர். புதிய நூல் வாங்கவும் காலியிடம் நிரப்பவும் கட்டடத்தைப் பராமரிக்கவும் நீதிமன்றமே கெடு விதித்தது. ஒரு நூலகத்தை எரிக்கவோ இடிக்கவோ வேண்டியதில்லை, புது நூல் வாங்காமல் ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் போதும் என்பதற்கு அந்த ஆண்டுகள் சான்று. அக்காலத்தில் நூலகத்தின் சார்பில் பேசியவர்கள் வெளியே இருந்தவர்கள். உள்ளே பணியாற்றியோர் அரசு ஊழியர்கள், அவர்கள் பேச முடியாது.

எரித்ததும் உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1933இல் க.மு. செல்லப்பாவின் வீட்டில் சில நூல்களோடு தொடங்கியது. மேயர் சாம் சபாபதியும் லோங் அடிகளாரும் முன்னின்று பெரிய கட்டடத்துக்கு வழிகாண, ரங்கநாதனின் ஆலோசனையும் பெறப்பட்டு, 1959இல் அது திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் அது தீக்கிரையாயிற்று. 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. எரிவதைத் தொலைவிலிருந்து கண்ட தாவீது அடிகள் அதிர்ச்சியில் உயிர்விட்டார். அந்த நூலகத்தை எழுப்பியதில் நகரத்தார் அனைவருக்கும் பங்கு இருந்தது. அதனால்தான் மீண்டும் எழுப்ப வேண்டும் என்ற குரலும் ஓயவில்லை. புணேயில் 2004 ஜனவரியில் பண்டார்கர் ஆய்வு நிறுவனம் சூறையாடப்பட்டதும் இதே வகையில் சேரும். ஒரு சிவாஜி வரலாற்று நூலின் நன்றியுரையில் அதன் அறிஞர்கள் பெயர் இருந்தது ஒன்றே காரணம்.

நூலகருக்குப் பின்னால் ஓர் அமைப்பு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே நூலகர்களின் தொழில் அமைப்பு 1939இலேயே நூலக உரிமை சாசனத்தை ஏற்றது. மெக்கார்த்தி காலத்தில், 1953இல், பதிப்பாளர்களோடு சேர்ந்து வாசிக்கும் சுதந்திரம் பற்றிய அறிக்கையையும் வெளியிட்டது. அதன் நடைமுறைப் பயன் ஒரு படிவத்தில் இருக்கிறது. ஒரு நூலை நீக்கச் சொல்கிறவர் அதை முழுதும் படித்தாரா, எந்தப் பகுதியை ஆட்சேபிக்கிறார் என்று எழுதித் தர வேண்டும். குழு கூடி முடிவெடுக்கும் வரை நூல் அடுக்கிலேயே இருக்கும். பிராது சொல்ல வந்தவரில் பாதிப் பேர் படிவத்தைப் பார்த்ததும் திரும்பிவிடுவார்கள் என்று ஊகிக்கலாம். சாசனம் இருந்தும் பாதுகாப்பு முழுமையல்ல. காங்கிரஸ் நூலகத்தின் தலைவர் கார்லா ஹேடன், அந்தப் பதவியின் முதல் பெண், பத்தாண்டுப் பதவிக்காலம் முடியுமுன்பே 2025 மே 8 அன்று ஒரு மின்னஞ்சலில் நீக்கப்பட்டார். சிறாருக்குப் பொருந்தாத நூல்கள் என்றும் ஒரு காரணம் சொல்லப்பட்டது. சிறாருக்கு நூல் இரவல் தரும் நூலகமே அல்ல அது. ஆனாலும் அங்கே பதவிக்காலம் என்று ஒன்று இருந்ததால்தான், அதை மீறியது செய்தியாயிற்று. தமிழ்நாட்டில் நூலக இயக்குநர் மாற்றப்பட்டால் அது இடமாறுதல் பட்டியலில் ஒரு வரி.

அரசுக்கு வெளியே நின்று நூல்களைக் காத்த மரபு சென்னையின் தென்பகுதிக்குப் புதிதல்ல. பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள் தாம் சேர்த்த நூல்களைப் பொதுமக்களுக்கு விட்டுச் சென்றார். அவற்றைக் கொண்டு 1958இல் அவர் பெயரிலேயே நூலகம் உருவாயிற்று. அடையாறு நூலகம் 1886இலிருந்து இயங்குகிறது. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்ததன் மேல் எழுந்தது. பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீசு, குஜிலிப் பிரசுரம் எனக் கொள்முதல் குழு எதுவும் தொடாதவை அங்கே ஆவணமாயின. ஆனால் ஆய்வு நூலகம் கோவளத்துப் பள்ளி மாணவிக்குக் கிளை நூலகம் ஆகாது. அவள் நடந்து போகும் தூரத்தில் இருப்பது பொது நூலகம் மட்டுமே.

ஆகவே செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. நூலகத் தொழிலில் இருந்தே இயக்குநர், அவருக்கு நிலையான பதவிக்காலம். தேர்வுக்கும் நிராகரிப்புக்கும் எழுத்தில் காரணம். நீக்கக் கோரிக்கைக்கு ஒரு படிவம். யார் எதை இரவல் எடுத்தார் என்ற பதிவேடு நீதிமன்ற ஆணையின்றி யாருக்கும் தரப்படாது என்ற விதி. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றலாம். வீட்டில் என்ன நூல் இருந்தது என்பதே வழக்குகளில் சான்றாக வைக்கப்படும் காலம் இது. நூல்களையும் துண்டறிக்கைகளையும் வைத்திருந்தது மட்டுமே பயங்கரவாதக் குற்றத்துக்குப் போதாது என்று 2021இல் கேரள இளைஞர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மேலே சொன்ன மாற்றங்கள் எவற்றுக்கும் கூடுதல் வரி தேவையில்லை.

சட்டத் திருத்தம் வரும் வரை வாசகர் கையிலும் ஒன்று இருக்கிறது. கேட்ட நூல் கிளை நூலகத்தில் இல்லையென்றால் அதன் பெயரை வெள்ளைத் தாளில் எழுதி, தேதியிட்டு, நூலகரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வைத்த நகலை வாங்குங்கள். வீட்டு வரி ரசீதோடு அதையும் சேர்த்து வையுங்கள்.